கணுக்காலில் வலிக்காத இடம்

நான் வேலையை விட்டு இரண்டு வருஷமாகிறது. கட்டைவிரல் மூட்டு இனி மெஷினைப் பிடிக்க மாட்டேன் என்று சொல்லிவிட்டது, அவ்வளவுதான். மனக்குறை ஒன்றும் இல்லை. இப்போது கடையை நடத்தும் சுகன்யா போன மாதம் வீட்டுக்கு வந்து, காலில் டாட்டூ போட்டுக்கொள்வதற்கு முன்னால் தெரிந்துகொள்ள வேண்டியதைப் பத்து பாயிண்டாக எழுதித் தரச் சொன்னாள். படத்தோடு போனில் போடுவாளாம். ஒரு பாயிண்ட் ஒரு வரிக்கு மேல் போகக் கூடாதாம். சரி என்று உட்கார்ந்தேன். முதல் பாயிண்டே நாலு பக்கத்துக்கு ஓடிவிட்டது. அவளுக்கு வேண்டியதை இதிலிருந்து பிய்த்து எடுத்துக்கொள்ளட்டும். மீதி என் திருப்திக்கு.

என் பெயர் கஸ்தூரி. வீட்டுக்காரருக்குப் பஞ்சாலையில் வேலை. ஆலையை மூடியதும் அவர் ஆட்டோ எடுத்தார், நான் நேரு வீதிக்குப் பின்னால் ஒரு சந்தில் இருந்த டாட்டூ கடையில் கூட்டிப் பெருக்கப் போனேன். கடைக்காரர் பெயர் லூர்துநாதன். ஊரே அவரை முசியே, பிரெஞ்சில் ஐயா, என்றுதான் கூப்பிடும். பிரெஞ்சு ராணுவத்தில் மருத்துவ உதவியாளராக இருபது வருஷம் இருந்து ஓய்வு பெற்றவர். ராணுவ முகாமில் பொழுது போகாத ஒரு மாலுமியிடம் டாட்டூ கற்றுக்கொண்டாராம். பென்ஷன் வாங்கிக்கொண்டு வீட்டில் சும்மா இருந்தால் உடம்பு துருப்பிடித்துவிடும் என்று கடை வைத்தார். அவர் யாரையும் 'நீ' என்று சொல்லி நான் கேட்டதில்லை. பெருக்க வந்த என்னையே முதல் நாளில் "மதாம் கஸ்தூரி" என்றார். யாரையோ கூப்பிடுகிறார் என்று நான் திரும்பிப் பார்த்தேன்.

நான் தொழில் கற்ற கதை சின்னது. கடை வாசலில் நான் போடும் கோலத்தை அவர் ஆறு மாதம் பார்த்துக்கொண்டே இருந்திருக்கிறார். ஒரு நாள், இழை நடுங்காத கை துடைப்பத்தைப் பிடிக்கக் கூடாது என்றார். முதலில் கருவிகளைக் கழுவி, ஆவியில் வைத்துச் சுத்தம் செய்யக் கற்றேன். பிறகு ரப்பர் ஷீட்டில் கோடு போட்டேன், பிறகு பரங்கிக்காயில். பரங்கிக்காய் எதற்கு என்றால், அதன் வளைவு கணுக்கால் மாதிரி. கடைசியாக என் தொடையிலேயே ஒரு மல்லிகை மொட்டு. அது கொஞ்சம் கத்தரிக்காய் போல இருக்கும். யாரும் பார்க்கப் போவதில்லை என்பதால் கவலை இல்லை. இப்படி மூன்று வருஷம்.

கால் வேலை எனக்கு வந்து சேர்ந்ததற்கு முசியேவின் முட்டிதான் காரணம். அது மடங்காது. கையில், தோளில், முதுகில் அவர் போடுவார். கால் என்றால் "மதாம்" என்று கூப்பிடுவார். எனக்குக் குனிந்து உட்காருவது கஷ்டமில்லை. ஆனால் என் மாமியார், கண்டவன் காலைப் பிடிக்கிற பிழைப்பு என்று ரொம்ப நாள் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டிருந்தார். வாடிக்கையாளர்களும் லேசுப்பட்டவர்கள் இல்லை. வயதில் மூத்த பெண் காலைத் தொடுகிறாளே என்று கூச்சம். பாதம் என் மடியில் பட்டால் போதும், சட்டென்று குனிந்து என்னைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொள்வார்கள். ஊசி ஓடிக்கொண்டிருக்கும்போது இப்படிச் செய்தால் கோடு எங்கே போகும்? கும்பிடுவதையெல்லாம் முன்கூட்டியே ஒரு தடவை மொத்தமாகக் கும்பிட்டுவிடுங்கள் என்று சொல்லிப் பழகினேன். செய்தார்கள். அதன் பிறகு ஆடாமல் உட்கார்ந்தார்கள்.

கால் என்றால் முசியேவிடம் ஒரு முறை உண்டு. யாரும் தப்ப முடியாது. படத்தை அவர் பார்க்க மாட்டார். "செருப்பக் காட்டுங்க" என்பார். வந்தவர் முழித்துக்கொண்டே கழற்றி நீட்டுவார். அதைக் கையில் வாங்கித் திருப்பி, வார் எங்கே தேய்ந்திருக்கிறது, குதிகால் எந்தப் பக்கம் சாய்ந்திருக்கிறது என்று நகைக்கடைக்காரர் மாதிரி பார்ப்பார். பிறகு அதைப் போட்டுக்கொள்ளச் சொல்லி, வார் படுகிற இடத்தையெல்லாம் பாதத்தில் பேனாவால் கோடு போடுவார். அந்தக் கோட்டுக்குள் படம் வந்தால், மூன்று வாரம் அந்தச் செருப்பைத் தொட மாட்டேன் என்று சொல்ல வேண்டும். சொல்ல முடியாதவர் வேறு இடம் பார்த்துக்கொள்ளலாம்.

காலையில்தான் வரச் சொல்வார். சாயங்காலம் கால் வீங்கியிருக்கும். வீங்கிய காலில் போட்ட வட்டம் காலையில் கோழிமுட்டை ஆகிவிடும். படத்தின் அச்சுத்தாளைக் காலில் ஒட்டும்போது வந்தவர் நின்றாக வேண்டும். உட்கார்ந்த காலில் நேராகத் தெரிவது, எழுந்து நின்றால் திரும்பிக்கொள்ளும். பாதத்தின் ஓரம், விரல் இடுக்கு, உள்ளங்கால் இங்கெல்லாம் மை நிற்காது, ஒரு வருஷத்தில் மங்கிவிடும் என்று முன்னாலேயே சொல்லிவிடுவோம். சர்க்கரை இருக்கிறதா என்று கேட்போம். இருந்தால் டாக்டர் சீட்டு இல்லாமல் ஊசி இல்லை. சாமி உருவம், சாமி பெயர், பெற்றவர்கள் பெயர் இதெல்லாம் காலில் போட மாட்டோம். அம்மா மேல் உயிர் என்று சொல்லி அம்மா பெயரைப் பாதத்தில் எழுதச் சொன்ன ஒரு பையனிடம், "மொதல்ல அம்மாவக் கேட்டுட்டு வாங்க" என்றார் முசியே. அவன் கேட்டிருப்பான் போல. திரும்பி வரவில்லை.

எல்லாவற்றுக்கும் கடைசியில் பஞ்சு. வந்தவர் கண்ணை மூடிக்கொள்ள வேண்டும். ஒரு இழைப் பஞ்சால் விரலிலிருந்து கணுக்கால் வரை அங்கங்கே தொடுவோம். தொடும்போதெல்லாம் அவர் சொல்ல வேண்டும். இது எதற்கு என்று நான் ஆரம்பத்தில் கேட்டேன். தான் ஆப்பிரிக்காவில் இருந்த முகாமில், காலில் ஆணி ஏறியதே தெரியாமல் நடந்து வந்தவர்களைப் பார்த்திருப்பதாகச் சொன்னார். சரி, பெரியவர் பழக்கம் என்று நினைத்துக்கொண்டேன்.

குருசுக்குப்பத்திலிருந்து செல்வம் என்று ஒரு மீனவர் வந்தார். விசைப்படகில் போகிறவர். வலது பாதத்தின் மேல் நங்கூரம் வேண்டும் என்றார். செருப்பைக் காட்டச் சொன்னதற்கு, செருப்பே இல்லை, கடலில் எதற்குச் செருப்பு என்றார். நாள் முழுக்கக் கால் உப்புத்தண்ணீரில் நிற்கும், புண் ஆறுமா? மீன்பிடித் தடைக்காலத்தில் கடலுக்குப் போக மாட்டீர்களே, அப்போது வாருங்கள் என்று முசியே அனுப்பிவிட்டார். அப்போது மாசி மாதம். டாட்டூ போடக்கூட நாள் நட்சத்திரமா என்று முணுமுணுத்துக்கொண்டே செல்வம் போனார். தடைக்காலம் தொடங்கிய முதல் நாள் நான் கடை திறக்க வந்தால், காலைக் கல்லில் தேய்த்துக் கழுவி, வாசற்படியில் உட்கார்ந்திருந்தார்.

நங்கூரம் நன்றாக வந்தது. கடல் கூடாது, மணலில் வெறுங்காலோடு நடக்கக் கூடாது, மஞ்சள், எண்ணெய் எதுவும் தடவாமல் சாதா சோப்பில் கழுவ வேண்டும், தூங்கும்போது காலைத் தலையணை மேல் வைக்க வேண்டும், மூன்று வாரம் இப்படி என்று சொல்லி அனுப்பினோம். ஒன்றரை மாதம் கழித்து அவர் மனைவி வந்தார். இந்த மனுஷன் இன்னும் தலையணை மேலிருந்து காலை இறக்கவில்லை, தண்ணீர் பிடிக்கச் சொன்னால் முசியே திட்டுவார் என்கிறார், அப்படியா என்று கேட்டார். முசியே சிரிக்காமல் ஒரு தாள் எடுத்து, மூன்று வாரம் மட்டுமே என்று எழுதிக் கையெழுத்துப் போட்டு, கடை முத்திரையும் குத்திக் கொடுத்தார். அந்த அம்மாள் அதை மடித்து இடுப்பில் செருகிக்கொண்டு போன வேகத்தைப் பார்க்க வேண்டும்.

இனி வளர்மதி. இதைத்தான் நான் எழுத உட்கார்ந்தேன் என்று இப்போது தெரிகிறது.

சேதராப்பட்டில் ஒரு தொழிற்சாலையில் வேலை பார்க்கும் நாலு பெண்கள் ஒன்றாக வந்தார்கள். உள்ளே உலோகம் எதுவும் போட்டுக்கொண்டு போகக் கூடாதாம். கொலுசைக் கழற்றிவிட்டுத்தான் வேலை. அதனால் கழற்ற முடியாத கொலுசு வேண்டும் என்று கிளம்பி வந்திருந்தார்கள். இடது கணுக்காலைச் சுற்றி ஒரே மாதிரி கொடி, நடுவில் முத்து. பராமரிப்பு வேலைக்காகத் தொழிற்சாலை மூன்று வாரம் மூடியிருந்தது; ஷூ போட வேண்டிய தொல்லை இல்லை. முசியே நாலு ஜோடிச் செருப்பையும் பார்த்துவிட்டுத் திருப்தியாக முன்னறைக்குப் போனார்.

கடையே கலகலத்தது. முதல் பெண் அழுதாள். இரண்டாமவள் துப்பட்டாவைக் கடித்தாள். மூன்றாமவள், ஊசி எலும்பின் மேல் ஏறியதும், சேதராப்பட்டு பஸ் நிற்கும் ஸ்டாப்பையெல்லாம் வரிசையாக ஒப்பித்தாள். தப்பாகச் சொன்னதை மற்றவர்கள் திருத்தினார்கள். கணுக்கால் எலும்பின் மேல் தோல் மெல்லிசு. அங்கே கத்தாதவர்களை நான் பார்த்ததில்லை.

வளர்மதி கடைசி. இருபத்து மூன்று வயது, துடுக்கான பெண். ஆவணியில் கல்யாணம் என்று பேசி முடித்திருந்தார்கள். அதற்குள் மதியம் ஆகிவிட்டது. எல்லோருக்கும் பசி. முதல் மூவருக்கும் பஞ்சு வைத்துப் பார்த்தேன், இவளுக்குப் பார்க்கவில்லை. இதை மறைக்காமல் எழுதுகிறேன். கணுக்காலின் வெளிப்புறத்தில் கொஞ்சம் வெளுத்த மாதிரி ஓர் இடம், ஐந்து ரூபாய் நாணயத்தைவிடச் சற்றுப் பெரிதாக இருந்தது. அதையும் பார்த்தேன். தேமல் என்று நினைத்தேன். மேலோட்டமாக ஒரு தேமல் இருந்தாலும் அதன் மேல் ஊசி வைக்கக் கூடாது என்பது எனக்குத் தெரியும். கொடி அதன் ஓரமாகத்தானே போகிறது என்று சமாதானம் சொல்லிக்கொண்டேன்.

உட்புறத்தில் தொடங்கினேன். மற்றவர்கள் மாதிரியே துடித்தாள். பின்பக்கமாக வெளிப்புறத்துக்கு வந்ததும் துடிப்பு நின்றது. சிநேகிதிகளிடம் கதை பேச ஆரம்பித்துவிட்டாள்.

"இன்னாக்கா, இவ்ளோதானா? இதுக்கா இவளுங்க அழுதாளுங்க?" என்றாள்.

நல்ல தைரியசாலி என்று நானும் பாராட்டினேன்.

முன்னறையில் இருக்கும் முசியே வேலையைக் கண்ணால் பார்ப்பதில்லை; காதால் பார்ப்பார். எந்தச் சத்தம் எந்த இடத்தில் வரும் என்று அவருக்குத் தெரியும். மெஷின் ஓடுகிறது, எலும்பின் மேல் ஓடும்போது வருகிற அதிர்வுச் சத்தம் கேட்கிறது, ஆனால் பெண் சிரித்துக்கொண்டிருக்கிறாள். எழுந்து வந்தார். என் தோளுக்குப் பின்னால் கொஞ்ச நேரம் நின்றார். பிறகு சுவரோரம் போய் வயரைப் பிடுங்கினார்.

"மெஷின் சூடாயிடுச்சு. ஆறட்டும். நீங்க மூணு பேரும் போய்ச் சாப்டுட்டு வாங்க" என்றார். மெஷின் சூடாகவில்லை. என் கையில்தானே இருந்தது, எனக்குத் தெரியாதா?

மூவரும் போனதும் கதவைச் சாத்தினார். மடங்காத முட்டியை மடக்கி, நாற்காலியைப் பிடித்துக்கொண்டு, வளர்மதி காலடியில் தரையில் உட்கார்ந்தார். பஞ்சு கேட்டார். எடுத்துக் கொடுத்தேன்.

கண்ணை மூடச் சொன்னார். பெருவிரலைத் தொட்டார். தொட்டீங்க என்றாள். பாதத்தின் மேல். தொட்டீங்க. கணுக்காலின் உட்புறம். தொட்டீங்க. வெளிப்புறம், அந்த வெளுத்த இடத்தில். அவள் ஒன்றும் சொல்லவில்லை. இன்னொரு தடவை. இன்னொரு தடவை. பஞ்சைப் போட்டுவிட்டு விரலாலேயே லேசாகத் தொட்டார்.

"இன்னும் தொடலையா முசியே?" என்றாள் அவள், கண்ணைத் திறக்காமல்.



அவர் நோயின் பெயரைச் சொல்லவில்லை. "அந்த எடம் தூங்குதும்மா. எதுக்குத் தூங்குதுன்னு டாக்டர்தான் சொல்லணும். நாளைக்குக் காலையில நானும் மதாமும் உங்ககூட வர்றோம்" என்றார். ஊசி குத்தியதால் ஆனதா என்று வளர்மதி என்னைப் பார்த்துக் கேட்டாள். இல்லை, இது முன்னாலிருந்தே இருப்பது என்று முசியேதான் சொன்னார். சாப்பிட்டு வந்த சிநேகிதிகளிடம் மெஷின் பழுது, பாதிதான் முடிந்தது என்று சொன்னோம். அவர்கள் வளர்மதியைக் கிண்டல் செய்துகொண்டே கூட்டிப் போனார்கள்.

மறுநாள் அரசு மருத்துவமனையில், தோல் பிரிவில் இருந்த டாக்டர் சின்னப் பெண். காலைப் பார்த்தார், முட்டிக்குப் பக்கத்தில் நரம்பைத் தடவிப் பார்த்தார், பரிசோதனைக்குக் கொஞ்சம் தோல் எடுத்தார். அடுத்த வாரம் சொன்னார். தொழுநோய், ஆரம்பம்தான். ஆறு மாதம் மாத்திரை, இங்கேயே கொடுப்போம், ஒரு நாள்கூட விடாமல் சாப்பிட்டால் குணமாகிவிடும், வேலைக்குப் போகலாம், கல்யாணம் செய்துகொள்ளலாம், எல்லோருடனும் ஒன்றாக இருந்து சாப்பிடலாம் என்றார். விட்டிருந்தால் நரம்பு போய் பாதமே மரத்திருக்கும் என்றார். வீட்டில் இருப்பவர்களையும் ஒரு தடவை பார்த்துவிட வேண்டும் என்றார். இதை யார் கவனித்தது என்று கேட்டார். டாட்டூ கடையில் என்று சொன்னதும் பேனாவை வைத்துவிட்டு எங்களை நிமிர்ந்து பார்த்தார்.

வளர்மதியோடு பஸ் ஸ்டாண்டுக்கு நடந்தோம். பஸ் வந்து நின்ற பிறகு, "வேலையும் போயிடும்க்கா. கல்யாணமும் போயிடும்" என்றாள். டாக்டர் சொன்னதை நான் திரும்பச் சொன்னேன். டாக்டருக்கு இன்னா தெரியும் என்று அவள் பஸ் ஏறிப் போய்விட்டாள்.

மாத்திரை தொடங்கிய இரண்டாம் நாள் விடியற்காலை போன் வந்தது. அக்கா, ஒண்ணுக்குப் போனா செவப்பா வருது, நான் சாவப் போறேன் என்று அழுதாள். எனக்கும் பதறியது. முசியேவைப் போனில் எழுப்பிக் கேட்டால், மாத்திரையின் நிறம் அது, டாக்டர் சொன்னாரே, நீங்கள் இருவரும் எதைக் கேட்டுக்கொண்டிருந்தீர்கள் என்றார். நாங்கள் இருவரும் அன்று எதையும் கேட்கவில்லை என்பதுதான் உண்மை. திரும்ப போன் செய்து சொன்னேன். மூக்கை உறிஞ்சினாள். பிறகு சிரித்தாள். அதற்குப் பிறகுதான் எனக்கு மூச்சு வந்தது.

மாதம் ஒரு தடவை மாத்திரை வாங்க டவுனுக்கு வருவாள். வந்தால் கடையில் அரை மணி நேரம் உட்கார்ந்துவிட்டுப் போவாள். அம்மாவுக்கும் தம்பிக்கும் ஒன்றுமில்லை என்று டாக்டர் பார்த்துச் சொல்லிவிட்டார். மாப்பிள்ளைக்கு மட்டும் அவள் சொல்லவில்லை. முசியேவும் சொல்லுங்கள் என்றோ சொல்ல வேண்டாம் என்றோ சொல்லவில்லை. என்னையும் அவர் ஒன்றும் கேட்கவில்லை. ஏன் பஞ்சு வைக்கவில்லை என்று ஒரு வார்த்தை கேட்டிருந்தால் அழுது தீர்த்திருப்பேன். காலையில் "போன்ழூர், மதாம்". மாலையில் "நாளைக்குப் பாப்போம், மதாம்". எப்போதும் போலத்தான். அதைத் தாங்குவது எனக்குக் கஷ்டமாக இருந்தது.

ஐந்தாம் மாதம் ஒரு காலை, முப்பது வயதுக்குள் ஓர் ஆள் வந்து முன்னறையில் நின்றார். வில்லியனூரில் வேன் ஓட்டுவதாகச் சொன்னார். பெயர் ஏழுமலை. வளர்மதிக்குப் பேசிய மாப்பிள்ளை. அவர் நாற்காலியில் உட்கார்ந்து, யாரும் சொல்லாமலே செருப்பைக் கழற்றினார்.

"மதி எல்லாத்தயும் சொல்லிட்டா. எனக்கும் ஒரு வாட்டி பாத்துடுங்கக்கா" என்றார்.

போனில் சொல்லிவிட்டு, பதில் கேட்கப் பயந்து வளர்மதி போனை அணைத்துவிட்டாளாம். இவர் வேனை எடுத்துக்கொண்டு அவள் வீட்டுக்கே போய், எந்த டாக்டர் என்று கேட்டு, இரண்டு பேருமாகப் போய்ப் பார்த்துவிட்டு வந்திருக்கிறார்கள். டாக்டர் பயப்பட ஒன்றுமில்லை என்று சொல்லிவிட்டார். பிறகு எதற்கு இங்கே? அவளைப் பார்த்த மாதிரியே தன்னையும் பார்க்க வேண்டும் என்றார், அவ்வளவுதான்.

கண்ணை மூடச் சொல்லிப் பஞ்சை எடுத்தேன். மனுஷனுக்குக் கூச்சம் என்றால் அப்படி ஒரு கூச்சம். பெருவிரலைத் தொட்டதுமே நெளிந்தார். பாதத்தைத் தொட்டதும் சிரித்தார். கணுக்காலில் வைத்ததும் உதைத்த உதையில் தட்டும் மைச்சிமிழும் சுவரில் போய் விழுந்தன. அந்த நீலக் கறை இன்னும் சுவரில் இருக்கிறது. முன்னறையில் முசியே சிரித்த சத்தம் தெருவுக்குக் கேட்டிருக்கும். ஏழுமலை கறையைத் துடைக்க எவ்வளவோ பார்த்தார். போகும்போது, அன்றைக்கு நீங்கள் பார்க்கவில்லையாமே என்று என்னைக் கேட்டார். ஆமாம், பசியிலும் அவசரத்திலும் விட்டுவிட்டேன் என்றேன். "இனிமே பாருங்கக்கா" என்று சொல்லிவிட்டுக் கல்யாணப் பத்திரிகையை மேசை மேல் வைத்தார்.

அவர்கள் எப்படி இருக்கிறார்கள் என்பதையும் சொல்லிவிடுகிறேன். ஆவணியிலேயே கல்யாணம் நடந்தது. மாத்திரையும் முடிந்தது. ஓரத்தில் கொஞ்சம் உணர்ச்சி திரும்பியிருக்கிறது. அந்த இடத்தில் இனி ஊசி வேண்டாம் என்று டாக்டர் சொல்லிவிட்டதால் பாதிக் கொலுசு பாதிக் கொலுசாகவே நிற்கிறது. ஞாயிற்றுக்கிழமை அதன் மேல் வெள்ளிக் கொலுசு போட்டுக்கொள்கிறாள். இப்போது அவள் அந்தத் தொழிற்சாலையில் சூப்பர்வைசர், இரண்டு பிள்ளைகள். முசியே மகளோடு பிரான்சில் இருக்கிறார். குளிரைத் திட்டி மாதம் ஒரு தடவை போன் செய்கிறார்.

அன்றைக்கு ஏழுமலை வேனைக் கிளப்பிப் போனதும், முசியே கதவில் தொங்கும் பலகையை 'மூடியிருக்கிறது' என்று திருப்பினார். காலை பதினோரு மணிக்கு அவர் கடையை மூடி நான் பார்த்ததில்லை. எனக்கு ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டார்.

"உக்காருங்க, மதாம் கஸ்தூரி. அஞ்சு மாசமா உங்களத் திட்டணும்னு வச்சிருக்கேன். அன்னிக்கே திட்டியிருந்தா நீங்க வேலைய வுட்டுட்டுப் போயிருப்பீங்க. இன்னிக்குத் திட்டலாம்" என்றார்.

திட்டினார். பசி என்றால் ஊசியைக் கீழே வைக்கத் தெரியாதா என்று ஆரம்பித்தார். தேமல் என்று முடிவு செய்ய நீங்கள் எந்தக் கல்லூரியில் படித்தீர்கள் என்றார். மரியாதை குறையவில்லை, ஒவ்வொரு வாக்கியத்திலும் ஒரு மதாம் இருந்தது. பாதி பிரெஞ்சில் திட்டினார், அது எனக்குப் புரியவில்லை. புரிந்த பாதியே போதுமானதாக இருந்தது. என் கண்ணிலிருந்து தண்ணீர் கொட்டிக்கொண்டிருந்தது, அடக்க முடியாமல் சிரித்துக்கொண்டும் இருந்தேன். நடுவில் அவருக்கு இருமல் வந்தது. எழுந்து போய்த் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தேன். குடித்தார், மெர்சி என்றார், விட்ட இடத்திலிருந்து தொடர்ந்தார்.